304-க்குப் பதிலுக்குப் போனவள்

அத்தியாயம் 9

சந்திரம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது. காய்ச்சல் இழுத்துவிட்டுப் போன வம்புதான் இன்னும் விடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவளால் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாமல் போனதும், மகள் பார்கவி தன் வாராந்திர லீவில் அம்மாவுக்குப் பதிலாக 304-ஆம் நம்பர் ஃப்ளாட்டுக்குப் போய் வேலை செய்துவிட்டு வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் மத்தியில் இது ஒரு மரியாதை. போக முடியாத நாளில் பதில் ஆளை அனுப்பிவிட வேண்டும். தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண், யாராக இருந்தாலும் சரி. சொல்லாமல் மட்டம் போடுவதுதான் கேவலம். இருபது வருடத்தில் சந்திரம்மா எந்த வீட்டையும் ஒரு நாள்கூட அம்போவென்று விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் நினைத்துப் பார்க்காதது கேட்டில் இருக்கும் மெஷினை. வேலைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போட்டோவோடு ஒரு நம்பர். சந்திரம்மாவின் நம்பரைத் தட்டிக்கொண்டு பார்கவி உள்ளே போனாள். மெஷின், சந்திரம்மா வந்தாள் என்று எழுதிக்கொண்டது.

304 மேடம் அன்றைக்கு மும்பையில் இருந்தார். வீட்டில் இருந்த சார், காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்துவிட்டு, வந்தவள் முகத்தைச் சரியாகப் பார்க்காமலேயே மீட்டிங்குக்குத் திரும்பிவிட்டார். வியாழக்கிழமை மேடம் திரும்பி வந்ததும் சார், “செவ்வாய்க்கிழமை வந்த புதுப் பெண் சுத்தமாகத் துடைத்திருந்தாள், யார் அவள்?” என்று கேட்டுவைத்தார். அந்த மனுஷன் பாராட்டாகத்தான் கேட்டார். மேடம் போனை எடுத்துப் பார்த்தார். கேட் மெஷின் எழுதுவதெல்லாம் அதில் வரும். சந்திரம்மா வந்ததாகத்தான் இருந்தது. வினை அங்கே பிடித்தது.

வெள்ளிக்கிழமை சந்திரம்மா நம்பரைத் தட்டியபோது மெஷினில் சிவப்பு எரிந்தது. இன்று சனிக்கிழமை. ஒருவேளை மெஷின் கோளாறாக இருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு அவள் மறுபடி கிளம்பினாள்.

“நான் வந்து கேக்கறேன். அந்தக் கட்டடத்துக்கு சென்ட்ரிங் அடிச்சவனே நான்தான்” என்றார் அவள் புருஷன் வெங்கடசாமி, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. இந்திரா நகரில் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினாலும் அவர் இதைத்தான் சொல்வார். பாதி கட்டடங்களுக்கு அது உண்மையும்கூட.

“நீங்க சும்னே இருங்க. நீங்க வந்தா இருக்கறதும் பூடும்” என்றாள் சந்திரம்மா.

வெங்கடசாமிக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். நம்பர் வேலை செய்யவில்லை என்பது மட்டும் தெரியும். பதிலுக்குப் போனது தன் மகள் என்பது தெரியாது. பி.காம். முடித்த என் பெண் அடுத்தவன் வீட்டுத் துடைப்பத்தைத் தொடக் கூடாது என்று அவர் ஊரறியச் சொல்லி வைத்திருந்தார். அதனால் அம்மாவும் மகளும் அந்தச் செவ்வாய்க்கிழமையை அவர் கண்ணில் காட்டாமல் மறைத்துவிட்டார்கள்.

தொம்மலூர் சந்திலிருந்து அம்மாவும் மகளும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். கோழிக்கடை, ஜெராக்ஸ் கடை, டெம்போ நிற்கும் இடம் எல்லாம் தாண்டி மெயின் ரோட்டைக் கடந்ததும் சந்திரம்மா வழக்கம்போல வேகத்தைக் குறைத்து ஐம்பதடி பின்தங்கினாள். பார்கவி அந்தப் பக்கத்துக் கஃபேயில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா போட்ட சட்டம் இது. “அங்க என்னப் பாத்தா தெரியாத மாதிரி இரு. நாலு பேர் வந்து போற எடம். வேலக்காரி பொண்ணு குடுக்கற காப்பின்னு ஆவக் கூடாது.”

பார்கவி அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பார்த்தாள். பிறகு பழகிக்கொண்டாள். பழகிக்கொண்டதில்தான் அவளுக்கு வெட்கம்.

அப்பார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி ஹரிஷ்குமார் நின்றிருந்தான். மண்டியா பக்கத்துப் பையன். செவ்வாய்க்கிழமை பார்கவியை உள்ளே விட்டவனும் அவன்தான். எதிர்ப்பக்க நடைபாதையில் பார்கவி போனைப் பார்ப்பது போல நின்றாள். அம்மா நம்பரைத் தட்டினாள். சிவப்பு. இன்னொரு முறை, ஒவ்வொரு எண்ணாக நிதானமாகத் தட்டினாள். மறுபடியும் சிவப்பு.

“நானேனு மாட்லி அம்மா, நான் என்ன பண்ணட்டும்?” என்றான் ஹரிஷ்குமார். “மேடம்தான் பிளாக் பண்ணியிருக்காங்க. என் கையில ஒண்ணும் இல்ல. யாரு வந்ததுன்னு என்னையும் கேட்டாங்க. கவனிக்கலன்னு சொல்லிட்டேன்.”

“மேடத்துகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன்பா.”

“உள்ள விடக் கூடாதுன்னுதான் ஆர்டர்.”

சந்திரம்மா பக்கத்து அப்பார்ட்மெண்டுக்கும் அதற்கடுத்ததற்கும் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அவள் படம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ரோட்டு அப்பார்ட்மெண்ட்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் குரூப். முன்பெல்லாம் ஒரு வீட்டில் சண்டை போட்டால் அடுத்த வீட்டில் வேலை கிடைக்கும். இப்போது ஒரு கதவு சாத்தினால் ரோடே சாத்திக்கொள்கிறது.

பார்கவியால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு அவள் கவுண்டரில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அந்தக் கஃபேயில் ஒரு கூட்டம் நடக்கும். ஏரியாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஏரியாவை அறிமுகப்படுத்தும் கூட்டம். நடத்துவது சாட்சாத் 304 மேடம்தான். அவரே வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இந்த ஏரியாவில் மூன்று வருடம் என்பது பூர்வகுடி.

நீள மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் மேடம் வரைந்து அச்சடித்த வண்ண மேப். ரொட்டிக்கு எந்தக் கடை, நாய்க்கு முடிவெட்ட எந்தக் கடை, ஞாயிற்றுக்கிழமை எந்த மரத்தடியில் யோகா என்று எல்லாம் அதில் இருந்தது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொம்மலூர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தென்னை மரமும் ஒரு மாடும் வரைந்திருந்தார். அந்தச் சந்துகளில் தென்னை மரமும் கிடையாது, மாடு கட்ட இடமும் கிடையாது.

பார்கவிக்கு இந்த ஏரியா வேறு மாதிரி தெரியும். பள்ளி லீவு நாட்களில் அம்மாவோடு வந்து வந்து பழகிய ஏரியா. எந்த வீட்டில் எத்தனை பாத்ரூம், எந்த வீட்டில் பின்பக்கப் படி, எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் தனி டம்ளர் என்று அவளும் ஒரு மேப் போடலாம். யார் அச்சடிப்பார்கள்?

“சாப்பாட்டுக்கும் நாய்க்கும் வழி தெரிந்துவிட்டது. வேலைக்கு ஆள் கிடைக்குமா?” என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டார். மேஜையே சிரித்தது.

“கிடைக்கும். ஆனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்” என்றார் 304 மேடம். “இந்த வாரம் எனக்கே நடந்தது.”

பார்கவி இரண்டு கப்புகளோடு அவர் பின்னால் நின்றிருந்தாள். மேடம் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். போன் கைமாறிக் கைமாறி மேஜையைச் சுற்றி வந்தது. அம்மாவின் படம். கேட்டில் எடுத்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி விறைப்பாக நிற்கிறாள். பார்ப்பவர்கள் தலையை ஆட்டி அடுத்தவரிடம் கொடுத்தார்கள். ஒரு கப்பை வைக்கும்போது சாஸரில் காப்பி தளும்பியது. சாரி சொல்லித் துடைத்தாள்.

“நல்ல பெண்மணிதான். மூன்று வருடம் ஒரு ஸ்பூன்கூடத் தொலைந்ததில்லை. அதனால்தான் நிரந்தரமாக வெளியேற்ற எனக்கு மனசில்லை” என்றார் மேடம். அவர் கெட்டவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர். “ஆனால் வேறு யாரையோ தன் நம்பரில் அனுப்பியிருக்கிறாள். அது யார் என்று தெரிய வேண்டும். அவளோடு எனக்கு ஒழுங்காகப் பேச வரவில்லை. என் ஹிந்தி அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது எனக்குப் புரியாது.”

சொல்லிக்கொண்டே திரும்பியவர் கண்ணில் பார்கவி பட்டாள்.

“நீ லோக்கல்தானே? எனக்காக ஒரு போன் பேசித் தருவாயா? இரண்டே நிமிடம்.”

கவுண்டரிலிருந்து மேனேஜர் ஆஷ்லி போ போ என்று கண் காட்டினார். மாதாமாதம் பன்னிரண்டு பேரைக் கூட்டிவரும் கஸ்டமர். மறுக்க பார்கவிக்கு ஒரு காரணம் வேண்டும். ஒன்றும் அகப்படவில்லை.

“அவர்கள் பேசுவது தமிழா கன்னடமா மேடம்?” என்று கேட்டு ஒரு நொடி அவகாசம் வாங்கினாள்.

“தெரியவில்லையே. இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது.”

“தமிழாக இருந்தால் எனக்கும் புரியும்” என்றாள் மேஜையின் கோடியில் இருந்த பெண். கேரல் என்று காலையில் அறிமுகம் செய்துகொண்டவள். ஹெப்பகோடியில் இருந்து இங்கே மாறி வந்தவளாம். ஜாடையாக அம்மாவிடம் எதையாவது சொல்லிவிடலாம் என்று பார்கவி நினைத்திருந்த வழியும் அத்தோடு அடைபட்டது.

மேடம் ஸ்பீக்கரில் போட்டு போனை மேஜை நடுவில் வைத்தார். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் சந்திரம்மா. கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

“ஹா ஜி, மேடம்.”

“சந்திரம்மாங்களா?” என்றாள் பார்கவி.

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. இங்கே காப்பி மெஷின் உஸ்ஸென்று ஆவி விட்டது. பெற்ற மகள் குரல் தெரியாதா? எங்கிருந்து, யார் முன்னால் நின்று பேசுகிறாள் என்பதும் அந்த உஸ்ஸிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஆமாங்க. சந்திரம்மாதான் பேசறேன். சொல்லுங்க.”

இருபத்து மூன்று வருடத்தில் அம்மா அவளைப் பார்த்து ‘ங்க’ போட்டது இதுதான் முதல் தடவை.

“304 மேடம் பேசச் சொன்னாங்க. செவ்வாக்கெழம உங்க நம்பர்ல வேற ஒரு பொண்ணு வந்திருக்காங்க. ஏன்னு கேக்கறாங்க.”

“காய்ச்சலுங்க. எழுந்துக்க முடியல. அதான் பதிலுக்கு ஆள் அனுப்புனேன். மேடத்துக்கு சொல்லாதது என் தப்புதாங்க.”

பார்கவி அதை இங்கிலீஷில் சொன்னாள். மேடம் தலையை ஆட்டினார். அவர் முகம் இளகிவிட்டது.

“காய்ச்சல் என்றால் சரி. வந்த பெண் யார், எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லட்டும். நாளைக்கே பிளாக்கை எடுத்துவிடுகிறேன். நம்பர் இல்லாமல் ஏமாற்றி நுழைந்தது அந்தப் பெண். அவள் படத்தை மட்டும் குரூப்பில் போட்டுவிட்டால் போதும். நியாயம்தானே?”

நியாயம்தான் என்றது மேஜை.

பார்கவி போனைப் பார்த்தாள். ஒரு பெயர். நான்கு எழுத்து. அது அவள் சட்டையிலேயே குத்தியிருந்தது. அம்மா அதைச் சொன்னால் அம்மாவுக்கு நாளைக்கு வேலை திரும்பக் கிடைக்கும். தானே சொல்லிவிடலாம். வாயைத் திறந்து, ‘நான்தான் மேடம்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லத்தான் நினைத்தாள். ஆஷ்லியின் முகம் தெரிந்தது. பன்னிரண்டு முகங்கள் தெரிந்தன. நாக்கு ஒத்துழைக்கவில்லை.

“அந்தப் பொண்ணு பேரச் சொல்லிட்டா உங்கள நாளைக்கே உள்ள விட்டுடுவாங்களாம்” என்றாள். பிறகு, மேடம் சொல்லாத ஒன்றைத் தானாகவே சேர்த்துக்கொண்டாள். “சொல்லிடுங்க. பரவால்ல.”

மறுபடி பஸ் ஹாரன்.

“தெரியாத பொண்ணுங்க” என்றாள் சந்திரம்மா. “பஸ் ஸ்டாண்டாண்ட வேல கேட்டுகினு நின்னா. பாவமா இருந்துச்சு, அனுப்பிட்டேன். பேர் கேட்டுக்கல.”

இதை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது என்று பார்கவிக்கு உடம்பெல்லாம் சொன்னது.

“என்ன சொல்கிறாள்?” என்றார் மேடம்.

மேஜைக் கோடியிலிருந்து கேரல் பார்கவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. பார்கவி ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள்.

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. “தெரியாத பெண்ணா? பஸ் ஸ்டாண்டிலிருந்தா? என் வீட்டுக்குள்ளா?” மேஜையைச் சுற்றிலும் நாற்காலிகள் அசைந்தன. போலீசில் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். பூட்டை மாற்றுங்கள் என்றார் இன்னொருவர். மகளைக் காப்பாற்ற அம்மாவுக்குச் சட்டென்று தோன்றிய பொய் அது. இருபது வருட நல்ல பெயரை அது இருபது நொடியில் முடித்துவைத்தது.

“இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடு” என்றார் மேடம். கோபத்தைவிட பயம்தான் அந்தக் குரலில் இருந்தது. “இங்கே எந்த வீட்டுக்கும் வர வேண்டாம்.”

பார்கவி சொன்னாள். அம்மாவை வேலையை விட்டு நிறுத்தினாள். எந்த வார்த்தைகளில் சொன்னாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

“சரிங்க” என்றாள் சந்திரம்மா. “வேல நேரத்துல உங்களுக்கும் சிரமம் குடுத்துட்டேன். நீங்க போய் வேலயப் பாருங்க.”

போன் அணைந்தது. மேடம் பார்கவியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பார்கவி ட்ரேயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், கழுவிய கப்புகளையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது சந்திரம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெங்கடசாமி கட்டிலில் உட்கார்ந்து அந்த அப்பார்ட்மெண்டையே வாயால் அடித்தளத்தோடு பெயர்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழம நான் போறேன். மூணு வருஷம் ஒழச்சவள ஒரு மெஷினு வேணாம்னுதாம். எவன் அவன் மெஷினு?”

“வேற எடம் பாத்துக்கலாம். மொதல்ல போய் மாவு வாங்கினு வாங்க” என்று அவரைக் கடைக்கு அனுப்பினாள் சந்திரம்மா.

அவர் செருப்புச் சத்தம் தேயும்வரை பார்கவி காத்திருந்தாள்.

“ஏம்மா அப்படிச் சொன்ன? என் பேரச் சொல்லச் சொன்னேன்ல?”

“உன் படத்த அந்த குரூப்புல போடுவாங்க. அப்பறம் நீ எங்க நிப்ப? அந்தக் கடையில உன்ன வெச்சுக்குவாங்களா? எனக்கு வேல போனா இன்னொரு வேல. தொடைக்கறதுக்கா எடம் இல்ல ஊருல?”

“அந்த ரோட்டுல எங்கயும் இல்லம்மா.”

“வேற ரோடு இருக்குது.” சந்திரம்மா களைந்த தண்ணீரை ஊற்றினாள். பிறகு, மகளைப் பார்க்காமலே, “நல்லாதான் பேசுன. குரல் கொஞ்சம்கூட நடுங்கல” என்றாள்.

அந்தப் பாராட்டைப் பார்கவியால் தாங்க முடியவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். அதைச் சொல்லாத வாய் இப்போது அழுகிறது என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. சந்திரம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பார்கவியின் போன் மினுங்கியது. ஆஷ்லியின் மெசேஜ். அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“என்னா?” என்றாள் சந்திரம்மா.

“மேடம் ஆஷ்லிகிட்ட பேசியிருக்காங்க. திங்கக்கெழம சாயங்காலம் என்னை அப்பார்ட்மெண்ட் ஆபீஸ் ரூமுக்கு அனுப்பச் சொல்லி.”

“எதுக்கு?”

“செவ்வாக்கெழம கேமரால பதிவானத எல்லாம் போட்டுப் பாக்கப் போறாங்களாம். ஹரிஷ்குமார வெச்சு விசாரிக்கப் போறாங்க. அவனுக்கு இங்கிலீஷ் வராது. அவன் சொல்றத நான் மேடத்துக்கு எடுத்துச் சொல்லணுமாம்.”

அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. எழுந்து போய் அதை இறக்கக்கூட சந்திரம்மாவுக்குத் தோன்றவில்லை.

“தலையில துப்பட்டா போட்டுகினுதான போன அன்னிக்கி?” என்று கேட்டாள் கடைசியில். “கேட்டுல ஹரிஷு நிக்கற எடத்துல வெளிச்சம் கம்மி. மொகம் தெரியாது.”

“கேட்டுல தெரியாதும்மா.”

“அப்பறம் என்னா?”

“லிஃப்டுல யாருமே இல்ல. துப்பட்டாவ எடுத்துட்டு, கண்ணாடியப் பாத்து மெதுவா தலை வாரினேன்” என்றாள் பார்கவி. “கேமரா அந்தக் கண்ணாடிக்கு நேர் மேலதான் இருக்குது.”